அரண்மனையைப் பங்கு போட்ட கதை: லண்டன் பெட்ஃபர்டு சதுக்கம்

கிரேக்க, ரோமானியக் கோயில்களை முன்மாதிரியாகக் கொண்டு கட்டுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லித்தரப்படும் விதிகளுள் ஒன்று, முக்கோண முகப்பின் உச்சிக்கு நேர்கீழே தூண் நிற்கக் கூடாது என்பது. தூண்களை இரட்டைப்படையில் நிறுத்தினால்தான் நடுவில் ஓர் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் வாசல் வர வேண்டும். லண்டனின் புளூம்ஸ்பரி பகுதியில் இருக்கும் பெட்ஃபர்டு சதுக்கத்தின் வடக்கு, தெற்குப் பக்கங்களில், நடுவில் எழும்பி நிற்கும் வெண்ணிறச் சுதை முகப்புகள் இரண்டும் இந்த விதியை அப்பட்டமாக மீறுகின்றன. ஒவ்வொன்றிலும் ஐந்து அரைத்தூண்கள் இருக்கின்றன. மூன்றாவது தூண், வாசல் வந்திருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு, முக்கோணத்தின் உச்சிக்குச் சரியாகக் கீழே நிற்கிறது. கட்டடக்கலை வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஓர் இலக்கணப் பிழை என்று குறித்துவிட்டுக் கடந்து போவது வழக்கம். எனக்கு என்னவோ, அந்தச் சதுக்கம் உருவான விதம் முழுவதையும் அந்த ஒற்றைத் தூணை வைத்தே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

தூண் அங்கே வந்ததற்குக் காரணம் எளிமையானது. அரண்மனை போலத் தெரியும் அந்த முகப்புக்குப் பின்னால் இருப்பது ஒரு வீடு அன்று, இரண்டு வீடுகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பொதுச்சுவர் உண்டு. அந்தச் சுவர் முகப்பின் மையத்தில் வந்து முட்டுகிறது. சுவர் முட்டும் இடத்தில் வாசலோ சன்னலோ வைக்க முடியாது. அங்கே வைக்கக்கூடியது ஒரு தூண்தான். கிழக்கு, மேற்குப் பக்கங்களில் நடு முகப்பு ஒரே அகலமான வீட்டுக்கு உரியது என்பதால், அங்கே தூண்கள் ஒழுங்காக நான்காக நிற்கின்றன, நடுவில் திறப்பு வருகிறது, விதியும் காப்பாற்றப்படுகிறது. அதாவது, வரைந்தவருக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. அரண்மனையைப் பங்கு போட்டு வாடகைக்கு விட வேண்டியிருந்த இடத்தில், கணக்குக்கு இலக்கணம் வழிவிட்டிருக்கிறது.

என் அலுவலகம் டோட்டன்ஹாம் கோர்ட் சாலையை ஒட்டி இருக்கிறது. மதிய இடைவேளையில் கால்கள் பெரும்பாலும் இந்தச் சதுக்கத்தை நோக்கித்தான் போகும். கட்டுமானச் செலவுக் கணக்கு பார்ப்பது என் பிழைப்பு. அதனால் ஓர் அழகான முகப்பைப் பார்த்ததும், யார் வரைந்தது என்ற கேள்விக்கு முன்பே யார் காசு என்ற கேள்வி வந்துவிடுகிறது. பெட்ஃபர்டு சதுக்கத்தைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விக்குத்தான் தெளிவான விடை இருக்கிறது என்பது என் தொழில் புத்திக்கு ஒரு திருப்தி.

முதலில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நீள்வட்டமான ஒரு தோட்டம். அதைச் சுற்றி இரும்புக் கிராதி. உள்ளே வானளாவிய பிளேன் மரங்கள். தோட்டத்தைச் சுற்றித் தெரு. தெருவுக்கு அப்பால் நான்கு பக்கமும் கருத்த செங்கல் வீடுகள் இடைவெளியின்றி வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வரிசையின் நடுவில் மட்டும், முக்கோண மகுடமும் அரைத்தூண்களும் கொண்ட சுதை பூசிய முகப்பு முன்னே துலங்குகிறது. வரிசையின் இரு கோடிகளிலும் இருக்கும் வீடுகள் சற்றே அழுத்தம் பெற்று அந்த நடுவுக்குத் துணை நிற்கின்றன. தள்ளி நின்று பார்த்தால், எதிரெதிரே நான்கு பெரிய மாளிகைகள் நிற்பதாகவே படும். கிட்டப் போனால்தான் கதவுகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். லண்டனில் நான்கு பக்கமும் இப்படி ஒரே திட்டத்துக்குள் அடங்கிய முதல் சதுக்கம் இதுதான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 1775இல் தொடங்கிய வேலை 1783இல் முடிந்தது.

சதுக்கம் என்ற அமைப்பே லண்டனுக்கு நிலப்பிரபுக்கள் கொண்டுவந்த வியாபாரம். 1630களில் நான்காவது பெட்ஃபர்டு பிரபு, இனிகோ ஜோன்ஸ் என்ற கட்டடக் கலைஞரை வைத்துக் கோவன்ட் கார்டனில் ஒரு திறந்தவெளியைச் சுற்றி வீடுகளை எழுப்பினார். 1660களில் சவுத்தாம்டன் பிரபு தம் மாளிகைக்கு எதிரில் இன்றைய புளூம்ஸ்பரி சதுக்கத்தை அமைத்தார். சவுத்தாம்டனின் மகள் ரேச்சல், பெட்ஃபர்டு குடும்பத்தின் வில்லியம் ரசலை 1669இல் மணந்துகொண்டார். கணவர் 1683இல் அரசத் துரோகக் குற்றச்சாட்டில் தலை வெட்டப்பட்டு இறந்தாலும், ரேச்சலின் வழியாக வந்த புளூம்ஸ்பரி நிலம் ரசல் குடும்பத்திலேயே தங்கிவிட்டது. பிற்காலத்தில் டியூக் பட்டம் பெற்ற அந்தக் குடும்பத்தின் எஸ்டேட்டுக்கு, லண்டனின் வடக்கு விளிம்பில் மேய்ச்சல் வெளியாகக் கிடந்த அந்த நிலம் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பொன் விளையும் பூமியாக மாறியது.

நான்காவது டியூக் 1771இல் இறந்தபோது வாரிசான பேரன் பிரான்சிஸ் ஐந்து வயதுச் சிறுவன். எஸ்டேட்டின் பொறுப்பு பாட்டி கெர்ட்ரூட் சீமாட்டியின் கைக்கும், உடனிருந்த அறங்காவலர்களின் கைக்கும், ராபர்ட் பால்மர் என்ற நிர்வாகியின் கைக்கும் வந்தது. பெட்ஃபர்டு சதுக்கம் இவர்களுடைய காலத்து வேலை. கட்டடக்கலை வரலாறுகளில் சீமாட்டியின் பெயர் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. பால்மரின் பெயர் அதைவிடச் சிறிய இடத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. வாடகைப் பத்திரம் எழுதியவர்களை யாரும் கலைஞர்களாகக் கருதுவதில்லை. ஆனால் இந்தச் சதுக்கத்தின் ஒழுங்கு, பத்திரத்தில் இருந்த நிபந்தனைகளின் ஒழுங்குதான்.

அந்த ஏற்பாடு இப்படி நடந்தது. எஸ்டேட் தன் நிலத்தை விற்காது. மனைகளாகப் பிரித்து, கட்டுமானத் தொழில் செய்கிறவர்களுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடும். வீட்டைத் தன் செலவில் கட்ட வேண்டியது குத்தகை எடுத்தவர் பொறுப்பு. கட்டுகிற காலத்தில் அவரிடம் வாடகை கேட்டால் அவர் திணறிப்போவார் என்பதால், முதல் ஓரிரு ஆண்டுகளுக்குப் பெயரளவில் மட்டும் ஒரு வாடகை எழுதுவது லண்டன் முழுவதும் இருந்த வழக்கம். பத்திரங்களில் அந்தப் பெயரளவு வாடகை ஒரே ஒரு மிளகு என்று எழுதப்பட்டிருக்கும். மலபார் கரையிலிருந்து கப்பலேறிப் போன சரக்கு, லண்டன் நிலப் பத்திரத்தில் ஒன்றுமில்லாததற்கு அடையாளமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். வீடு முடிந்ததும் கட்டியவர் மீதமுள்ள குத்தகை உரிமையைக் குடியிருக்க வருபவரிடம் விற்றுத் தம் முதலையும் லாபத்தையும் எடுத்துக்கொள்வார். எஸ்டேட்டுக்கு ஆண்டுதோறும் நிலவாடகை வரும். 99 ஆண்டு முடிந்ததும் நிலத்தோடு வீடும் சேர்ந்து எஸ்டேட்டின் மடியில் வந்து விழும். ஒரு காசு கட்டுமானச் செலவு இல்லாமல் பேரன் பேத்திகளுக்கு வீடுகள் சேர்த்து வைக்கும் ஏற்பாடு இது. குடும்பம் நூறாண்டு நிலைத்திருக்கும் என்ற துணிச்சல் மட்டும் வேண்டும்.

பெட்ஃபர்டு சதுக்கத்தில் பெரும்பாலான மனைகளைக் கட்ட முன்வந்தவர்கள் ராபர்ட் குரூஸ், வில்லியம் ஸ்காட் என்ற இரண்டு கட்டுமானக்காரர்கள். அவர்கள் ஒப்பந்தத்தில் இறங்கிய நேரம் நல்ல நேரம் அன்று. அமெரிக்கக் குடியேற்றங்களில் 1775இல் தொடங்கிய போர் 1783 வரை நீடித்தது. சதுக்கத்தின் கட்டுமானக் காலமும் அச்சொட்டாக அதுவே. தனியார் கடனுக்கு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று அன்று சட்டம் இருந்தது. போர்ச் செலவுக்காக அரசாங்கம் கடன் வாங்க வாங்க அரசுப் பத்திரங்களின் விலை இறங்கி, அவற்றில் கிடைக்கும் வருமானம் ஏறியது. பணமுள்ளவர்கள் பணத்தை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். வீடு கட்டுகிறவர்களுக்கு அடமானக் கடன் கிடைப்பது அரிதாயிற்று. லண்டனில் பல இடங்களில் வேலை நின்றுபோன காலத்தில் இந்தச் சதுக்கம் மட்டும் முடிந்து நின்றதென்றால், எஸ்டேட்டின் அறங்காவலர்களே கட்டுமானக்காரர்களுக்குக் கடன் கொடுத்துத் தாங்கிப் பிடித்தது அதற்கு முக்கியமான காரணம். கடன் கொடுத்தவர் சொல்லுக்கு மதிப்பு கூடும். முகப்பு இந்த உயரத்தில் இருக்க வேண்டும், சன்னல்கள் இந்த வரிசையில் வர வேண்டும் என்று எஸ்டேட் வற்புறுத்தியதைக் கட்டுகிறவர்கள் தட்டாமல் கேட்டதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இந்தப் பிடி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு டப்ளின் நகரத்தின் மெரியன் சதுக்கம் நல்ல எடுத்துக்காட்டு. அதுவும் 1760களில் தொடங்கிய, மிக அழகான ஒரு ஜார்ஜிய (ஜார்ஜ் என்ற பெயருடைய மன்னர்கள் காலத்து) சதுக்கம்தான். ஆனால் அங்கே முகப்புகளை ஒரே மாளிகையாகச் சேர்த்துக் காட்டும் முயற்சி இல்லை. வீட்டுக்கு வீடு அகலமும் கூரை விளிம்பும் கொஞ்சம் மாறுபடுகின்றன. கதவுகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் அலங்காரம் செய்துகொண்டிருக்கின்றன. உயிரோட்டத்தைப் பார்த்தால் மெரியனுக்குத்தான் என் ஓட்டு. கட்டுப்பாடு என்றால் என்ன என்று பார்க்க விரும்புகிறவர் பெட்ஃபர்டுக்குத்தான் வர வேண்டும்.

எஸ்டேட்டுக்குத் துணையாக இன்னொரு கை இருந்தது. அது நாடாளுமன்றத்தின் கை. 1774இல் வந்த லண்டன் கட்டடச் சட்டம் வீடுகளை மதிப்பு, பரப்பு ஆகியவற்றைக் கொண்டு தரம் பிரித்தது. 850 பவுண்டுக்கு மேல் மதிப்பும் 900 சதுர அடிக்கு மேல் தரைப்பரப்பும் உள்ளவை முதல் தரம். அடியில் இருந்த நான்காம் தரம் 150 பவுண்டுக்கும் 350 சதுர அடிக்கும் உட்பட்டது. ஒவ்வொரு தரத்துக்கும் சுவர்களின் கனம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சட்டமே சொன்னது. 1666 பெருந்தீயின் நினைவு அகலாத நகரத்தில் பொதுச்சுவர்தான் நெருப்புக்கு வேலி. அதனால் அது கூரையைத் தாண்டி மேலே எழும்ப வேண்டும். வெளியே தெரியும் மர வேலையைக் குறைப்பதற்காக, மேலும் கீழும் நகரும் சன்னல்களின் மரப்பெட்டியைச் செங்கல்லுக்குப் பின்னால் மறைத்து வைக்கச் சொன்னார்கள். ஜார்ஜிய வீட்டின் சன்னல் நம் கண்ணுக்கு அவ்வளவு மெலிந்து, சுவரில் வெட்டிய சுத்தமான செவ்வகம்போலத் தெரிவதற்கு இந்தத் தீயணைப்பு விதி ஒரு முக்கியமான காரணம். மரத்தாலான கூரை விளிம்புகளை அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இன்னொரு சட்டம் தடை செய்திருந்தது. கூரையைச் செங்கல் கைப்பிடிச்சுவருக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் பழக்கம் அப்படித்தான் வேரூன்றியது. பிற்காலத்தார் 1774ஆம் ஆண்டுச் சட்டத்தைக் ‘கருப்புச் சட்டம்’ என்று வைதார்கள். தெருக்களை எல்லாம் ஒரே மாதிரி ஆக்கிவிட்டது என்பது அவர்கள் குறை. பெட்ஃபர்டு சதுக்கம் அந்தச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டே தொடங்கியது என்பதால், விதிப்புத்தகத்தின் மை உலராத நிலையில் கட்டிய முதல் தரத்து வீடுகள் இவை என்று சொல்லலாம்.

இனி, சுவரைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். லண்டன் செங்கல் அடிப்படையில் மங்கிய மஞ்சள். நிலக்கரிப் புகை படிந்து கருத்தது. நல்ல முகப்புகளில் செங்கல் இடுக்குகளைக் கவனித்தால், தலைமயிர் நூல் போன்ற வெள்ளைக் கோடுகள், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல ஓடும். உண்மையில் இரண்டு செங்கற்களுக்கு நடுவில் இருக்கும் சாந்து அவ்வளவு மெல்லியது அன்று. இடுக்கை முதலில் செங்கல் நிறத்திலேயே கலந்த சாந்தால் நிரப்பி, செங்கல் எது சாந்து எது என்று தெரியாதபடி மட்டப்படுத்தி, அதன் நடுவில் ஒரு பள்ளம் கீறி, அதில் வெண்சுண்ணாம்புக் கோட்டைப் பதித்துச் சீவி விடுவார்கள். மலிவான, கோணல் மாணலான செங்கல்லை விலையுயர்ந்த, இழைத்த செங்கல்போலக் காட்டும் கொத்தனார் வித்தை இது. ஒரு முறை ஒரு வீட்டின் முன்னால் சாரம் கட்டியிருந்தபோது, மேலே நின்று இந்தக் கோடு போட்டுக்கொண்டிருந்தவரைக் கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முழ நீளத்தை முடிக்க அவர் எடுத்துக்கொண்ட பொறுமைக்கு இன்றைய விலைப்பட்டியலில் என்ன கூலி போடுவார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் வியப்பு இரட்டிப்பானது.

முகப்புச் செங்கல்லுக்குப் பின்னால் இன்னொரு கதை உண்டு. அந்தக் காலத்து லண்டன் வீடுகள் பலவற்றில், தெருவைப் பார்க்கும் நல்ல செங்கல் அரைச் செங்கல் கனத்துக்கு ஒரு தோல்தான். உள்ளே இருக்கும் சுவர், சரியாக வேகாத மலிவான கல்லால் ஆனது. இரண்டையும் குறுக்கே பிணைக்க வேண்டிய கற்களையும், நல்ல கல்லை மிச்சம் பிடிப்பதற்காகப் பாதியாக உடைத்து, முகத்தை மட்டும் காட்டி வைத்துவிடுவார்கள். விளைவாக, இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு முகப்புத் தோல் தனியே உப்பிக்கொண்டு வெளியே வரும். பழுது பார்ப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைச் செருகி உள்சுவரோடு கட்டிப் பிடிப்பார்கள். ஜார்ஜியக் கட்டுமானத்தின் கண்ணியம் பற்றி உருகிப் பேசுகிறவர்கள் ஒருநாள் இந்தப் பழுது வேலையைப் போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளி முலாம் பூசிய வெண்கலக் குத்துவிளக்கு என்று சொன்னால் சரியாக இருக்கும்: ஏமாற்று என்று தள்ளவும் முடியாது, வெள்ளி என்று அடகு வைக்கவும் முடியாது.

பெட்ஃபர்டு சதுக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கதவுகளைச் சுற்றியிருக்கும் கற்கள்தான். அரைவட்ட வளைவு, அதைச் சுற்றி விட்டுவிட்டுப் பதித்த வெளிர்நிறக் கட்டிகள், கட்டிகளின் முகமெங்கும் புழு அரித்ததுபோல நெளிந்து நெளிந்து ஓடும் பள்ளங்கள், வளைவின் உச்சிக் கல்லில் தாடி வைத்த ஒரு முகம். அந்த முகத்தின் தாடிச் சுருள்களை உற்றுப் பார்த்தால், இரண்டரை நூற்றாண்டு லண்டன் புகைக்கும் மழைக்கும் பிறகும் விளிம்பு மழுங்காமல் இருப்பது தெரியும். இயற்கைக் கல்லாக இருந்தால் இந்நேரம் மூக்கு உதிர்ந்திருக்கும். இது கல் அன்று. சூளையில் வெந்த மண். எலினர் கோட் என்ற பெண்மணி 1769இல் தேம்ஸ் நதிக்கு அக்கரையில் லாம்பெத்தில் ஏற்று நடத்திய பட்டறையிலிருந்து வந்தது. வெண்களிமண்ணோடு, ஏற்கெனவே சுட்டுப் பொடித்த மண், சிக்கிமுக்கிக் கல் பொடி, மணல், கண்ணாடித் தூள் ஆகியவற்றைக் கலந்து, அச்சில் அழுத்தி, நாட்கணக்கில் சூளையில் சுட்டு எடுப்பார்கள். முன்பே சுட்ட பொடி கலந்திருப்பதால் சூளையில் அதிகம் சுருங்காது. அளவு துல்லியமாக வரும். ஓர் அச்சு செய்துவிட்டால் எத்தனை வாசலுக்கும் அதே முகத்தை வார்த்துக்கொண்டே போகலாம். கல் தச்சரின் கூலி மிச்சம். அதே சமயம், வாங்க வருகிறவருக்கு வாசலில் ஒரு சிற்பம் கிடைத்த பெருமை. திருமணம் செய்துகொள்ளாத ஒரு பெண், ஆண்களின் தொழிலில், தன் பெயரிலேயே அரை நூற்றாண்டுக்கு மேல் நடத்திய வணிகம் இது. என் கணக்கில் இந்தச் சதுக்கத்தின் தலைசிறந்த கைவினைஞர் அவர்தான்.

அப்படியானால் கட்டடக் கலைஞர் யார்? வழக்கமாகச் சொல்லப்படும் பெயர் தாமஸ் லெவர்ட்டன். அவர் 13ஆம் எண் வீட்டில் தாமே குடியிருந்தார். சில வீடுகளின் உள்ளலங்காரம் அவருடையது. ஆனால் நான்கு முகப்புகளையும் சேர்த்து வரைந்தவர் அவர்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல ஆதாரம் இல்லை. நடுத்தூண் விவகாரத்தைப் பார்க்கும்போது, தேர்ந்த ஒருவர் கொடுத்த யோசனையை மனை அளவுக்குத் தக்கபடி கட்டுமானக்காரர்கள் வெட்டிப் பொருத்தியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது என் ஊகம் மட்டுமே.

லெவர்ட்டனின் கை நிச்சயமாகத் தெரிவது தென்கிழக்கு மூலையில் இருக்கும் முதல் எண் வீட்டில். அது வரிசைக்குள் அடங்காமல் சற்று ஒதுங்கி, வாசலை நடுவில் வைத்துக்கொண்டு நிற்கிறது. மற்ற வீடுகளில் மூன்று சன்னல் அகலத்துக்குள் வாசலை ஓர் ஓரமாகத் தள்ளினால்தான் தெருப்பக்க அறைக்கு இடம் மிஞ்சும். இங்கே அந்த நெருக்கடி இல்லாததால் நுழைவுக்கூடத்தையே ஒரு சிறு கலைப்பொருளாக ஆக்க முடிந்திருக்கிறது. இந்த வீடு சர் லயனல் லைடு என்ற புகையிலை வணிகருக்காகக் கட்டப்பட்டது. அன்றைய லண்டன் புகையிலை, அமெரிக்காவின் வர்ஜீனியா, மேரிலாந்து தோட்டங்களில் அடிமைகளாகக் கிடந்த ஆப்பிரிக்கர்களின் உழைப்பில் விளைந்தது என்பதைக் கூரையில் இருக்கும் நுட்பமான சுதை வேலை சொல்லாது. நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாதாரண வீட்டின் உள்ளமைப்பு செங்குத்தாக அடுக்கிய ஒரு சாதி வரிசை. நிலவறையில் சமையலறையும் வேலைக்காரர்களின் புழக்கமும். தரைத்தளத்தில் சாப்பாட்டு அறை. முதல் மாடியில், வீட்டிலேயே உயரமான சன்னல்களோடு, விருந்தினரை வரவேற்கும் கூடங்கள். அதற்கு மேல் படுக்கையறைகள். உச்சியில், கைப்பிடிச்சுவருக்குப் பின்னால் பதுங்கிய சிறிய அறைகளில் பணிப்பெண்களும் குழந்தைகளும். மாடி ஏற ஏறச் சன்னல் குட்டையாகும். வெளியே நின்று சன்னலின் உயரத்தை வைத்தே உள்ளே இருப்பவரின் தகுதியைச் சொல்லிவிடலாம். நிலவறை என்றாலும் அது முழுவதும் தோண்டியது அன்று. பாதி ஆழம் தோண்டி, அந்த மண்ணை எதிரே தெருவில் கொட்டித் தெருவின் மட்டத்தை உயர்த்திவிடுவார்கள். அதனால்தான் இத்தகைய வீடுகளின் பின்புறத் தோட்டம் தெருவைவிட ஒரு தளம் கீழே இருக்கும். அதுவே பழைய மேய்ச்சல் தரையின் மட்டம். உயர்த்திய நடைபாதைக்கு அடியில் நிலக்கரி அறை. நடைபாதையில் பதித்த வட்ட இரும்பு மூடியைத் திறந்து நிலக்கரியைக் கொட்டுவார்கள். கரி சுமப்பவரின் கால் வீட்டுக்குள் பட வேண்டியதில்லை. தண்ணீர், நியூ ரிவர் கம்பெனியின் மரக்குழாய்கள் வழியாக, வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வந்து ஈயத் தொட்டியில் நிரம்பும். முறைத் தண்ணீர் என்பது சென்னைக்காரர்களுக்கு மட்டும் எழுதிவைத்ததன்று.

இந்த வீடுகளுக்கு முதலில் வந்தவர்கள் வழக்கறிஞர்கள், நீதிபதிகள், வணிகர்கள். பிரபுக்கள் மேற்கே மேஃபேர் பக்கம் போய்விட்டார்கள். நீதிமன்றங்களுக்குப் பக்கம் என்பதால் சட்டத்துறையினருக்கு இது தோதான இடம். அவர்களுள் பெரிய பெயர், நாட்டின் நீதித்துறைத் தலைவரான லார்டு சான்சலர் எல்டன். கிழக்குப் பக்கத்தின் நடுநாயகமான 6ஆம் எண் வீடு அவருடையது. வெளிநாட்டுத் தானியத்தைத் தடுத்து உள்நாட்டு விலையை உயர்த்தி வைக்கும் சட்டம் 1815 மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் வந்தபோது, ரொட்டி விலைக்குப் பயந்த கூட்டம் அவர் வீட்டைத் தாக்கிக் கண்ணாடிகளை உடைத்து உள்ளே புகுந்தது. எல்டன் குடும்பத்தோடு கொல்லைப்புறம் வழியாகத் தப்பி, பின்னால் இருந்த பிரிட்டிஷ் மியூசியத்தின் தோட்டத்துக்குள் புகுந்து, அங்கே காவலில் இருந்த சில சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். கலகக்காரன் ஒருவனின் சட்டையைப் பிடித்து, இப்படியே போனால் நீ தூக்கில் தொங்குவாய் என்று அவர் மிரட்ட, இன்றைய நிலைமையைப் பார்த்தால் முதலில் தொங்கப்போவது நீங்கள்தான் போலிருக்கிறது என்று அவன் திருப்பிச் சொன்னானாம். இதைப் பிற்காலத்தில் எல்டனே சிரித்துக்கொண்டு சொல்வாராம்.

வடகிழக்கு மூலையில் 11ஆம் எண், ஹைட்ரஜனை ஆராய்ந்த ஹென்றி கேவண்டிஷ் வைத்திருந்த வீடு. மனிதர்களைக் கண்டாலே ஒதுங்கிப்போகும் அவர், தம் நூலகத்தை அறிஞர்களுக்குத் திறந்துவிட்டிருந்தார். அதிலிருந்து தமக்கு வேண்டிய நூலை எடுக்கும்போதும் மற்றவர்களைப் போலப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் எடுப்பார் என்பது பிரசித்தமான செய்தி.

தெற்குப் பக்கத்தில் 49ஆம் எண் வீட்டுச் சுவரில் இருக்கும், புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த இடத்தைக் குறிக்கும் நீல வட்டப் பலகை ராஜா ராம்மோகன் ராயுடையது. கல்கத்தாவில் கல்விப் பணி செய்த டேவிட் ஹேரின் சகோதரர்கள் வீடு அது. முகலாயப் பேரரசர் இரண்டாம் அக்பர் கொடுத்த ராஜா பட்டத்தோடு 1831இல் இங்கிலாந்து வந்த ராய் அங்கே தங்கியிருந்தார். உடன்கட்டை ஏறும் சதி வழக்கத்தைத் தடை செய்த சட்டத்தை எதிர்த்து வைதீகர்கள் செய்த மேல்முறையீட்டைப் பிரிவி கவுன்சில் 1832இல் தள்ளுபடி செய்ததைப் பார்த்துவிட்டு, மறு ஆண்டு செப்டம்பரில் பிரிஸ்டலில் காலமானார். அதே வரிசையில் 47ஆம் எண்ணில் எலிசபெத் ஜெசர் ரீடு 1849இல் பெண்களுக்கான உயர்கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். சதுக்கத்தின் பெயரே பெட்ஃபர்டு கல்லூரி என்று அதற்கு அமைந்தது. அமெரிக்காவில் அடிமை முறைக்கு எதிராக மேடையேறிய கருப்பினப் பெண்மணி சாரா பார்க்கர் ரீமண்ட் 1859 முதல் அங்கே படித்தார். புகையிலை லைடின் வீட்டுக்கும் ரீமண்ட் படித்த வகுப்பறைக்கும் நடை தூரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

1893 வரை இந்தச் சதுக்கத்துக்கு வெளிவாயில்கள் இருந்தன. எஸ்டேட்டின் காவலாளிகள் வண்டிகளை வடிகட்டுவார்கள். கடைக்காரர்கள் சரக்கைக் கையில் சுமந்துதான் உள்ளே வர வேண்டும். வாயில்கள் போன பிறகு மெல்ல மெல்லக் குடும்பங்களும் போயின. இருபதாம் நூற்றாண்டில் இது பதிப்பகங்களின் சதுக்கம் ஆயிற்று. மேற்குப் பக்கத்தில் 1917இல் குடியேறிய கட்டடக்கலைப் பள்ளியான ஆர்க்கிடெக்சரல் அசோசியேஷன் இன்றும் அங்கேயே இருக்கிறது. கண்ணாடியும் எஃகும் கனவு காணும் மாணவர்கள் ஜார்ஜியக் கூடங்களில் உட்கார்ந்து வரைகிறார்கள்.

இந்தச் சதுக்கம் தப்பியது இயல்பாக நடந்த காரியமன்று. புளூம்ஸ்பரியிலேயே பிரன்ஸ்விக் சதுக்கத்தின் பழைய வீடுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. டாரிங்டன் சதுக்கத்தின் பெரும்பகுதி பல்கலைக்கழக விரிவாக்கத்துக்குப் போனது. மார்னிங்டன் கிரசென்டில் 1920களில் வீட்டுத் தோட்டத்தின் மேலேயே சிகரெட் தொழிற்சாலை எழும்பியதைக் கண்டு எழுந்த கூச்சலின் விளைவாக, 1931இல் லண்டன் சதுக்கங்களைக் காக்கும் சட்டம் வந்து, 461 தோட்டங்களில் கட்டடம் எழுப்புவதைத் தடுத்தது. அந்தச் சட்டம் காத்தது தோட்டங்களை மட்டுமே. வீடுகளுக்குப் பாதுகாப்பு, பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கும் பிற்காலச் சட்டங்களால் கிடைத்தது. இன்று பெட்ஃபர்டு சதுக்கத்தின் பழைய வீடுகள் அனைத்தும் உச்சபட்சப் பாதுகாப்பான முதல் தரப் பட்டியலில் இருக்கின்றன. நிலத்தின் பெரும்பகுதி இன்னும் அதே குடும்ப எஸ்டேட்டின் கையில்தான் இருக்கிறது. கெர்ட்ரூட் சீமாட்டி காலத்தில் எழுதிய 99 ஆண்டுக் குத்தகைகள் 1870களில் முடிந்து, வீடுகள் திரும்பி வந்து, புதிய வாடகைக்குப் போய், பிறகு அலுவலகங்களாகப் பல முறை கைமாறிவிட்டன.

தோட்டத்தின் கதவு பூட்டித்தான் இருக்கும், சாவி குத்தகைதாரர்களிடம். வெளியாருக்கு உள்ளே பார்க்க ஆசை இருந்தால், கட்டடக்கலைப் பள்ளியில் நடக்கும் பொதுக் கண்காட்சிகளின்போது போவதே எளிய வழி. ஓவியங்களை அவசரமாகப் பார்த்து முடித்துவிட்டு மாடிப்படியைப் பாருங்கள்: இருபுறமும் பொதுச்சுவர் அடைத்துக்கொண்ட வீட்டின் நடுப்பகுதிக்கு, கூரையைத் திறந்து கண்ணாடி போட்டு மேலிருந்து வெளிச்சம் இறக்கியிருப்பார்கள்.